பெயர் தெரியாத செடியும் விலை தெரிந்த வணிகமும்

அல்சூருக்கு அந்தப் பெயர் பலா மரத்தால் வந்தது என்பர். கன்னடத்தில் ‘ஹலசு’ என்றால் பலா. பலாத் தோப்பால் பெயர் பெற்ற ஊரில் இன்று ஒரு பலா மரத்தைக் காணச் சற்றுத் தேட வேண்டும். ஏரிக்கும் சோமேசுவரர் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் முற்றம் வைத்த வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. தோட்டமோ அழியவில்லை, மாடி முகப்பின் கைப்பிடிச் சுவருக்கு ஏறிக்கொண்டது. நான்கு தொட்டி வைக்க இடமிருந்தால் நால்வகைச் செடி வளர்க்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு.

அந்தத் தொட்டிகளில் வெயில் படுவது குறைவு. எதிர்வீட்டுச் சுவர் நிழல், மேல்மாடியின் நிழல் என்று நாள் முழுதும் நிழல்தான். ஆகவே பூச்செடியைக் காட்டிலும் இலையழகுச் செடிகளுக்கே இங்கு வரவேற்பு மிகுதி. நிழலில் வளரும், இலை பெரிதாக விரியும், பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லப்படும் செடி எதுவாயினும் கை நீள்கிறது. அவ்வாறு கை நீளும் செடிகளுள் ஒன்று ஹோஸ்டா. மேலைநாட்டுத் தோட்டப் படங்களில் மரத்தடியை நிறைத்துக்கொண்டு, நெய்தட்டு அகலத்தில் இலை விரித்து நிற்கும் செடி அது. அதைக் கைப்பேசியில் கண்டவர் தம் மாடியிலும் வைக்க விரும்புவது இயல்பே. விற்பவர் அதை அறிந்திருக்கிறாரா என்பதே கேள்வி.

தள்ளுவண்டியில் ஓர் உரையாடல்

காலை வேளையில் தெருவில் வரும் செடி வண்டியருகே இத்தகைய பேச்சைக் கேட்கலாம்.

“அண்ணா, இது என்ன செடி?”

“ஃபாரின் செடி அக்கா. ஹோஸ்டான்னு சொல்றாங்க. நிழல்ல நல்லா வரும்.”

“தண்ணி எவ்வளவு ஊத்தணும்?”

“தினமும் ஒரு சொம்பு ஊத்துங்க. எல்லாச் செடிக்கும் அதேதான்.”

இதில் பொய் சொல்லும் எண்ணம் எதுவும் இல்லை. ‘சொல்றாங்க’ என்று அவரே கூறிவிட்டார். செடி அவர் கைக்கு வருமுன் பல கை மாறியிருக்கிறது. ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலுள்ள கடியம் போன்ற ஊர்களிலிருந்து செடிகள் லாரிகளில் நாடெங்கும் செல்கின்றன. பண்ணையில் ஐம்பது செடி கொண்ட தட்டுக்கு ஒரு பெயர்ச் சீட்டு இருக்கும். தட்டு பிரிந்து பத்துப் பத்தாக மொத்த வியாபாரியிடம் போகும்போது சீட்டு ஒரு பங்கோடு நின்றுவிடும். வண்டிக்காரர் வாங்குவது சீட்டில்லாத பங்கு. அவருக்குத் தெரிந்தது தாம் கொடுத்த விலையும் விற்க வேண்டிய விலையும் மட்டுமே. பெயரைக் கேட்பவருக்கு, தாம் காதால் கேட்ட பெயரைச் சொல்கிறார்.

இணையவழி விற்பனையிலும் நிலைமை இதுவே. அங்கே சீட்டுக்குப் பதிலாகப் படம். அந்தப் படம் விற்பவர் தோட்டத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. முழு இலையும் இரத்தச் சிவப்பாக உள்ள ஹோஸ்டா, வானவில் நிறத்தில் உள்ள ஹோஸ்டா என்றெல்லாம் படம் போட்டு விதை விற்பாரும் உண்டு. அப்படிப்பட்ட ஹோஸ்டா உலகில் இல்லை. அதன் இலைகள் பச்சை, மஞ்சள், வெள்ளை, நீலம் கலந்த பச்சை ஆகிய நிறங்களுக்கு உட்பட்டவை. நீலச் சாயல்கூட இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சால் வருவது. கோடை வெப்பத்தில் அது மங்கிவிடும். மேலும், பெயர் பெற்ற வகைகள் விதையிலிருந்து தாய்ச்செடியைப் போலவே முளைப்பது அரிது. கிழங்குத் தண்டைப் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் அவற்றைப் பெருக்குகிறார்கள்.

குளிர் வேண்டும் செடி

ஹோஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா. ஆஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கோலாஸ் தோமஸ் ஹோஸ்டின் நினைவாக 1812இல் அதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஜப்பானியர் அதை ‘கிபோஷி’ என்பர். சிலவகை ஹோஸ்டாவின் இளந்தளிரை ‘உருயி’ என்ற பெயரில் கீரைபோல் சமைத்தும் உண்பர்.

அந்த நாடுகளில் குளிர்காலம் கடுமையானது. இலையுதிர்ந்து மண்ணுக்குள் ஒடுங்கிச் சில வாரங்கள் உறங்கி எழுவது ஹோஸ்டாவின் இயல்பு. ஏறத்தாழ 5 பாகை செல்சியசை ஒட்டிய குளிர் ஆறு வாரமாவது கிடைத்தால்தான் அடுத்த ஆண்டு வலுவாகத் துளிர்க்கும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்ந்த ஊர் என்று பெயர் பெற்றது. எனினும் மார்கழி, தை இரவுகளில் இங்கு வெப்பநிலை 15 பாகையை ஒட்டியே நிற்கிறது. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 பாகை, அதுவும் 1884 ஜனவரியில் ஓர் இரவு. ஆக, அல்சூர் மாடியில் ஹோஸ்டாவுக்கு உறக்கம் கிடைக்க வழியில்லை. உறக்கம் இல்லாத செடி முதல் ஆண்டு இலை விடும்; அடுத்த ஆண்டு இலை சிறுக்கும்; பிறகு கிழங்கே கரைந்துபோகும். சீனத்தைச் சேர்ந்த மணமுள்ள வெள்ளைப் பூ வகையொன்று மற்றவற்றைவிட வெப்பத்தைத் தாங்கும். நீலகிரி, கொடைக்கானல் வாசிகள் முயன்று பார்க்கலாம். சமவெளிக்கு அது ஏற்ற செடியன்று.

இந்த ஒரு செய்தியை விற்பவர் அறிந்திருந்தால் செடியை வாங்கியே இருக்கமாட்டார். வாங்குபவர் அறிந்திருந்தால் பணம் கொடுத்திருக்கமாட்டார். இருவரும் அறியாததால் வணிகம் நடந்துவிடுகிறது. செடி வாடும்போது, “நம் கைக்குச் செடி வராது” என்று வீட்டுப் பெரியவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். செடிக்குச் செலவிட்ட சில நூறு ரூபாயைக் காட்டிலும் இந்த மனத்தளர்ச்சி பெரிய இழப்பு. பணி ஓய்வுக்குப்பின் செடி வளர்ப்பையே நாளின் பொழுதாகக் கொண்டவர்களை நம் கிளை முகப்பில் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் அந்தப் பொழுதையும் விட்டுவிடக் கூடாது.

ஹோஸ்டா என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஹோஸ்டாவாக இருப்பதில்லை என்பது ஒருவகையில் ஆறுதலே. ‘ஆப்பிரிக்க ஹோஸ்டா’ என்று உலகெங்கும் விற்கப்படும் டிரிமியோப்சிஸ் என்ற செடி உண்டு. பச்சை இலையில் கரும்புள்ளி தெறித்திருக்கும். நிழலிலும் வெப்பத்திலும் நன்கு வாழும். ஹோஸ்டாவுக்கு அது மிக நெருங்கிய உறவுகூட இல்லை. அகன்ற இலையும் வெண்பூவும் கொண்ட யூக்காரிஸ் அல்லியையும் பார்த்தால் ஹோஸ்டா என்றே தோன்றும். இவ்விரண்டில் ஒன்று வீடு வந்து சேர்ந்தால் பெயர் பிழையாயினும் செடி பிழைக்கும்.

டைஃபன்பேக்கியாவோ கலேடியமோ அப்பெயரில் வந்துவிட்டால் எச்சரிக்கை தேவை. அவற்றின் தண்டிலும் இலையிலும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. தவழும் குழந்தை கடித்துவிட்டால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஜப்பானியர் சமைத்து உண்ணும் செடி என்று எங்கோ படித்தவர், பெயரை நம்பி இலையைப் பறித்துச் சட்டியில் இட்டால் என்ன ஆகும்? பெயர் என்பது அழகுக்காக ஒட்டும் சீட்டு அன்று. எங்கே வைப்பது, எவ்வளவு நீர் ஊற்றுவது, யார் கைக்கு எட்டாமல் வைப்பது ஆகிய அனைத்தும் பெயரைச் சார்ந்தவை. மெய்யான ஹோஸ்டாவும் நாய், பூனைகளுக்கு நச்சாகும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

நோய்க்கே பெயர் சூட்டிய கதை

அறியாத விற்பனை நம் தெருவுக்கு மட்டும் உரியதன்று. ஹோஸ்டாவைக் கொண்டாடும் அமெரிக்காவிலேயே நிகழ்ந்தது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

சில பண்ணைகளில் ஹோஸ்டா இலைகளில் புதுவகைக் கோலங்கள் தோன்றின. நரம்பை ஒட்டி மை கசிந்தாற்போல் கோடுகள், திட்டுத்திட்டாகப் புள்ளிகள். இயற்கை தந்த புதிய வகை என்று எண்ணிய வணிகர்கள் அவற்றுக்கு ‘பிரேக்துரூ’, ‘லெப்பர்டு ஃபிராக்’, ‘லூனசி’ என்றெல்லாம் பெயர் சூட்டி விற்றனர். தோட்டப் பிரியர்கள் விரும்பி வாங்கினர். 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் பென் லாக்கர்ட் உண்மையைக் கண்டறிந்தார். அந்தக் கோலங்கள் ஒரு நச்சுயிரியின் அடையாளங்கள். ‘ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்’ என்று அதற்குப் பெயராயிற்று. நோய்வாய்ப்பட்ட செடியைச் சிறப்பு வகை என்று விலை கொடுத்து வாங்கித் தம் தோட்டத்துச் செடிகளுக்கும் தொற்றவைத்தனர் மக்கள். இந்நோய்க்கு மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி. பரவும் வழியோ எளியது: ஒரு செடியை வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியில் வைத்தால் போதும், சாற்றோடு சென்றுவிடும். மேலும், தொற்றிய செடி சில காலம் நோய்க்குறி எதையும் காட்டாமலும் இருக்கும். விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

வரலாறு இதற்கு முன்பும் இப்படி ஒருமுறை நடந்துகொண்டது. 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் தூலிப் மலர்க் கிழங்குகளின் விலை வானளாவ ஏறி, 1637 பிப்ரவரியில் சரிந்தது. வணிகவியல் படித்தோர் அனைவரும் கேள்விப்பட்ட வீழ்ச்சி அது. அன்று மிக உயர்ந்த விலை பெற்றவை தீச்சுடர்போல் கோடிட்ட இதழ்களைக் கொண்ட தூலிப்கள். அந்தக் கோடுகளுக்குக் காரணம் ஒரு நச்சுயிரி நோய் என்பது 1928இல்தான் இங்கிலாந்தில் டோரதி கேலியின் ஆய்வால் புலப்பட்டது.

அறிவு ஒரு பக்கம் சாயும்போது

1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி, பொருளின் தரத்தை விற்பவர் அறிந்து வாங்குபவர் அறியாத இடத்தில் என்ன நேரும் என்று விளக்கினார். நல்லதும் கெட்டதும் ஒன்றுபோல் தோன்றுவதால் வாங்குபவர் நடுத்தர விலைக்கு மேல் தரத் துணியமாட்டார். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்கக் கட்டுப்படியாகாமல் நல்ல வணிகர் விலகிப்போவார். சந்தையில் எஞ்சுவது தரம் குறைந்ததே. இவ்வாய்வுக்காக 2001இல் மற்ற இருவருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செடிச் சந்தை அதைவிடச் சிக்கலானது. இங்கே பல நேரங்களில் விற்பவரும் அறியார். ஆயினும் முடிவு ஒன்றே. தாய்ச்செடியைப் பேணி, பெயர்ச் சீட்டு மாட்டி, நோய் சோதித்து விற்கும் பண்ணையாளர் ஒரு செடிக்கு 300 ரூபாய் கேட்டால், அதே பெயரைச் சொல்லி 120 ரூபாய்க்குத் தருபவரிடம் நாம் போகிறோம். அடுத்த ஆண்டு அந்தப் பண்ணையாளர் சீட்டு மாட்டுவதை நிறுத்திவிடுவார். நாம் கேட்காத தகவலைச் சந்தை தராது.

சட்டம் எங்கே நிற்கிறது?

‘வாங்குபவரே, விழிப்பாயிரு’ என்பது வணிகச் சட்டத்தின் பழைய கோட்பாடு. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் அது இடம்பெற்றுள்ளது. அதற்கான விலக்குகளும் அங்கேயே உள்ளன. நம் பொருளுக்கு முக்கியமானது 15ஆம் பிரிவு. விவரணை சொல்லி ஒரு பொருள் விற்கப்பட்டால், பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது விற்பனையில் உள்ளுறைந்த நிபந்தனை. ‘ஹோஸ்டா’ என்று எழுதி விற்றால் வருவது ஹோஸ்டாவாகவே இருக்க வேண்டும். விற்றவர் அறியாமல் செய்தார் என்பதால் அந்த நிபந்தனை மறைந்துவிடாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020இல் வெளியான மின்வணிக விதிகளும் இணையவழி வாங்குவோருக்குத் துணை நிற்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. மின்வணிகத் தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துள் ஏற்று ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். இவ்வளவுக்கும் தேவையான சான்று ரசீதும், வாங்கிய நாளன்று எடுத்துவைத்த விளம்பரப் படமும்தான்.

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் கிழங்கோ விதையோ தருவிக்க நினைப்பவர் ஒன்றை அறிய வேண்டும். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, அதற்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். ஹோஸ்டாவின் நச்சுயிரிக் கதையைப் படித்தவருக்கு அந்த ஆணையின் காரணம் விளங்கும்.

பணம் செலுத்துமுன்

சமூக ஊடகத்தில் செடிப் படம் காட்டி முன்பணம் கேட்கும் முகவரியற்ற விற்பனையாளருக்குப் பணம் அனுப்பாதிருப்பதே நலம். பொருள் வந்தபின் பணம் தரும் வசதி இருப்பின் அதையே தேர்ந்தெடுங்கள். “பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் குறியீட்டை வருடி இரகசிய எண்ணை இடுங்கள்” என்று யாரேனும் கூறினால் அது மோசடியே. யுபிஐ இரகசிய எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். பணம் போய்விட்டது என்று அறிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

செடியை நேரில் வாங்கும்போது மூன்று கேள்விகள் போதும். இதன் தாவரவியல் பெயர் என்ன? இது எங்கே வளர்ந்தது? நம் ஊரில் ஓராண்டு கடந்த செடி உங்களிடம் உள்ளதா? மூன்றாம் கேள்விக்குச் செடியைக் காட்டி விடை சொல்பவரிடம் நம்பி வாங்கலாம். தொட்டியின் அடியில் வேர் எட்டிப்பார்க்கிறதா, இலையின் பின்புறம் பூச்சி உள்ளதா என்று நோக்குங்கள். வீட்டுக்கு வந்த புதுச் செடியை இரண்டு மூன்று வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் பின் துடைத்துத் தூய்மை செய்யுங்கள்.

தெரிந்தவரிடம் கேட்கவும் இந்நகரில் இடம் உண்டு. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில் ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க்காட்சி நடைபெறுகிறது. நாற்றுப்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையிடமும் அங்கே உள்ளது. ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தேசியத் தோட்டக்கலை வாரியம் பண்ணைகளுக்குத் தரச்சான்று அளிக்கிறது.

அறிந்தவர் வழியாக வரும் அயல்செடி எவ்வளவு நன்றாக வேரூன்றும் என்பதற்கு நம் சமையலறையே சான்று. லால்பாக்கின் கண்காணிப்பாளராக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளங்கிய ஜான் கேமரன், அமெரிக்கக் கண்டத்துக் கொடியாகிய சௌசௌவை இங்கே அறிமுகம் செய்தார். இந்த மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் அது பொருந்தியது. தமிழகம் அதற்குப் ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்றே பெயர் வைத்துவிட்டது.

முகப்பின் இருபுறமும்

இவ்வளவு சொன்னதும், தெருவில் வரும் வண்டிக்காரரிடம் வாங்காதீர் என்று பொருள்கொள்ள வேண்டாம். அவரும் நம் வாடிக்கையாளராக இருக்கக்கூடும். தெருவோர வணிகருக்கென 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் பிணையின்றி முதல் தவணையாக 10,000 ரூபாய் பெற்றுத் தொழிலை மீட்டவர்களுள் செடி விற்பவர்களும் அடங்குவர். துளசி, செம்பருத்தி, மணி பிளாண்ட், கற்றாழை என்று தாம் அறிந்த செடிகளைப் பற்றி அவர் சொல்வது அனுபவத்தில் விளைந்த அறிவு. அதற்குத் தாராளமாக விலை தரலாம். அறியாத செடியைப் பற்றி, “எனக்குத் தெரியாது அக்கா, கேட்டுச் சொல்கிறேன்” என்று அவர் கூறினால் அதையும் மதிக்க வேண்டும். ‘தெரியாது’ என்று சொன்னவரைவிட்டு, தெரிந்ததுபோல் சொன்னவரிடம் நாம் வாங்கினால் அவரையும் பொய் சொல்லப் பழக்குகிறோம்.

இந்த அறம் வங்கி முகப்பில் அமர்ந்திருக்கும் நமக்கும் பொருந்தும். காப்பீடு, பரஸ்பர நிதி, ஓய்வூதியத் திட்டம் எதுவாயினும், அதன் தன்மையை அறியாமல் விற்பவரும் கேளாமல் வாங்குபவரும் சேர்ந்தால் செடிக் கதையே மீண்டும் நடக்கும். நட்டது பிழை என்று அறிய, செடியில் ஓராண்டு போதும். முதலீட்டில் பத்தாண்டு ஆகலாம். ஆகவே வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. செடி வண்டியில் கேட்கும் அந்த மூன்று கேள்விகளை எங்களிடமும் கேளுங்கள். இதன் பெயர் என்ன, இது எங்கிருந்து வருகிறது, என் நிலைமைக்கு இது பொருந்துமா? விடை சொல்வது எங்கள் கடமை. விடை உடனே தெரியாவிடில், கேட்டறிந்து சொல்லும்வரை கையெழுத்திடாமல் காத்திருப்பது உங்கள் உரிமை.